பிரேக் சத்தத்துக்கு அப்புறம்

பெரிய ஆட்களுக்கு சைக்கிள் சொல்லிக்கொடுக்க ஆள் தயார் செய்கிறார்கள், சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி என்று கேள்விப்பட்டு நான் கிளம்பியபோது, என் மனைவி தஸ்லிமா என் வயிற்றை ஒரு முறை பார்த்துவிட்டு, "சைக்கிள் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணுச்சு?" என்றாள். விருதுநகரில் எங்களுக்கு வத்தல் வியாபாரம். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து நானும் ஒரு மூட்டை ஆகியிருந்தேன்.

பயிற்சி கொடுத்தவர் லட்சுமிகாந்தம் டீச்சர். விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இல்லாமலே விசில் அடிக்கிற குரல்.

"முதல்ல பெடலைக் கழட்டுங்க. சீட்டை இறக்குங்க. காலால தள்ளி உருளட்டும். கேரியரைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால ஓடாதீக. முன்னால போய் நிக்கவே நிக்காதீக, சாபிர்."

மற்ற விதிகள் எல்லாருக்கும். கடைசி விதிக்கு மட்டும் என் பெயர்.

சைக்கிள் கற்க வந்தவர்களில் ஆளுக்கொருவரை எங்களிடம் ஒப்படைத்தார்கள். கடைசி நாள் அவர் மைதானத்தைச் சுற்றிவந்து சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தினால் நமக்குச் சான்றிதழ். எனக்குக் கிடைத்தது தாயில்பட்டி நாகஜோதி அக்கா. அவருக்கு ஒரு அச்சாபீஸில் லேபிள் வெட்டுகிற வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. சைக்கிள் வராவிட்டால் பழையபடி பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறி, வெடிமருந்து ரூமுக்குத்தான் போகவேண்டும்.

"அங்கன மட்டும் போகமாட்டேன் தம்பி," என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மளமளவென்று கற்றுக்கொண்டார். எல்லாம் என் திறமை என்று தஸ்லிமாவிடம் போனில் அளந்தேன். ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. பிரேக் பிடிக்கமாட்டார். கை பிரேக்மேல் இருக்கும், விரல் மடங்காது. வண்டி தானாகச் சாயும்வரை ஓடும். வேலியில் போய் நின்றார். வேப்பமரத்தில் நின்றார். ஒரு தடவை டீச்சரின் நாற்காலியில் நின்றார். டீச்சர் அப்போது டீ குடிக்கப் போயிருந்ததால் இந்தக் கதை தொடர்கிறது.

"பிரேக்கைப் பிடிங்கக்கா!"

"பிடிக்கேன், பிடிக்கேன்."

"எங்கன பிடிச்சீக? இந்தா பாருங்க, இப்படி." நானே ஏறி, உருட்டி, அழுத்திக் காட்டினேன். 'கிறீச்.'

திரும்பிப் பார்த்தால் அக்கா தரையில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தார்.

பிரேக் கட்டை தேய்ந்திருக்கும் என்று புதுக் கட்டை வாங்கிப் போட்டேன். அது பழசைவிடக் கூடுதலாகக் கத்தியது. கை ராசி.

அவருடைய சைக்கிள் கூடையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் நிரப்பிக் கொண்டுவருவார். நாக்கு வறண்டாலும் அதைத் தொடமாட்டார், குழாயில்தான் குடிப்பார்.

"யாருக்குக்கா இது?"

"கம்பெனில ரூமுக்கு நாலு பேரு தம்பி. மூணு பேரும் தண்ணி கேட்டாக. நான் எடுக்கப் போனேன். பின்னால இரும்பும் இரும்பும் உரசுன சத்தம் ஒண்ணு. கிறீச்சுன்னு. அப்புறம் மத்தது." கூடையில் பாட்டிலை நேராக வைத்தார். "இன்னமும் கேக்காக."

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று கூடை ஆடாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் தூரத்தில் 'டம்' என்றது. மைதானத்தில் அத்தனை சைக்கிளும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன. அத்தனை கையிலும் போன். "ஏலே, எங்கன இருக்க? நல்லாருக்கியா?" விழுந்த சக்கரங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. யாரோ ஒரு பெரியவரின் இறுதி ஊர்வலத்தில் போட்ட வெடியாம். எல்லாரும் சிரித்து வண்டியை எடுத்தார்கள். நாகஜோதி அக்கா மட்டும் யாருக்கும் போன் போடவில்லை. தன் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசி நாள். அக்கா அழகாகச் சுற்றிவந்தார். கோட்டை நோக்கித் திரும்பியபோதுதான் பார்த்தேன், கோட்டுக்கு நேர் பின்னால் எப்போதும் சாத்தியிருக்கிற கேட் திறந்து கிடந்தது. தண்ணி வேன் வந்துபோன வழி. கேட்டுக்கு வெளியே ரோடு. ரோட்டில் லோடு லாரிகள். கேட்டை இழுத்துச் சாத்த நேரமில்லை.

ஆனால் கேட்டை அடைக்கத் தோதான உடம்பு என்னிடம் இருந்தது. ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"சாபிர்!" டீச்சர் கத்தினார்.

"தம்பி, விலகு!" அக்கா கத்தினார்.

"மாட்டேங்கக்கா! பிரேக்கு!"

வீரன் மாதிரி நின்றேன் என்று சொல்ல ஆசைதான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

'கிறீச்.'

அப்புறம் ஒன்றுமில்லை. என் வாழ்நாளில் ஒரு வெடிவிபத்தைக்கூடப் பக்கத்தில் பார்க்காத நானே அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் முன்சக்கரம் என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. மைதானத்தில் ஒரு சைக்கிள் அசையவில்லை. எல்லாரும் தலையைச் சாய்த்து எதையோ எதிர்பார்த்தபடி நின்றார்கள். ஒரு காக்கா கத்தியது.

"அம்புட்டுதானா?" என்றார் அக்கா, மெதுவாக.

"அம்புட்டுதான்க்கா."

வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய் மறுபடி ஓட்டி வந்து பிடித்தார். நின்று காதைக் கொடுத்தார். மறுபடி. மறுபடி. கடைசியில் கன்னமெல்லாம் நனைந்து என் பக்கம் வந்து, கூடையிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"குடிங்க தம்பி. உங்களுக்குத்தான் வேர்த்து ஊத்துது."

"அவுகளுக்கு?"

"கேட்டுட்டேன். உங்களுக்குக் குடுக்கச் சொல்லிட்டாக."

வெயிலில் கிடந்து கொதித்த தண்ணீர். மிச்சம் வைக்காமல் குடித்தேன். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

அக்கா திங்கட்கிழமை அச்சாபீஸுக்குப் போய்விட்டார், சைக்கிளில். முன்னால் போய் நின்றதற்காக டீச்சர் எனக்குச் சான்றிதழ் தரவில்லை. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து வாங்க என்றார். நியாயம்தான்.

இப்போதெல்லாம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஏதாவது ஒரு பஸ் கிறீச்சிட்டு நிற்கும். நானும் நின்றுவிடுவேன். மற்ற சத்தம் வராது. காத்திருப்பேன்.

"நடு ரோட்டுல என்ன நின்னுட்டீக?" என்பாள் தஸ்லிமா.

"ஒண்ணுமில்ல," என்பேன். "தண்ணி தவிக்குது."