திருப்பிச் சொல்லும் பழக்கம்

போர் முடிந்த கையோடு தேர்தல் வந்தது. என்னை நிறுத்தினார்கள். போர் விமானி, பதக்கம் வாங்கியவன், இளம் வயதிலேயே மனைவியை இழந்தவன். கட்சிக்கு வேறென்ன வேண்டும்?

கட்சி அமைப்பாளர் எதிரில் உட்கார்ந்து, மேடையில் பேச வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார்.

“எதிரி போட்ட குண்டுல என் மனைவியப் பறிகொடுத்தேன்.”

“எதிரி போட்ட குண்டுல என் மனைவியப் பறிகொடுத்தேன்,” என்றேன்.

“அவ்வளவுதான் தம்பி. மிச்சத்தக் கூட்டம் பாத்துக்கும்.”

வானில் பறக்கும்போது தரையிலிருந்து வரும் உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்வான். சரியாகக் காதில் விழுந்தது என்பதற்குத்தான் அது. செய்ய முடியுமா என்பது அடுத்த பேச்சு. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ‘முடியாது’ என்று சேர்ப்பதற்குள் அவர் அச்சகத்துக்குப் போன் போட்டுவிட்டார். மறித்துப் பேசும் தெம்பு எனக்கு இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் தெருவெல்லாம் சுவரொட்டி. என் படம், அவள் படம், நடுவில் அந்த வரி.

மாமியார் ஒன்றைக் கிழித்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார்.

“எம்பொண்ணு எப்படிப் போனான்னு உங்களுக்குமா மறந்துபோச்சு, மாப்பிள்ளை?”

மறக்கவில்லை. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊரே விளக்கை அணைத்திருந்த நேரம். அவள் மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். முகப்பு விளக்கை அணைத்து வந்த லாரி ஒன்று மோதியது. எங்கள் தளத்துக்கு எரிபொருள் ஏற்றி வந்த லாரி.

“கூட்டத்துக்கு நானும் வர்றேன்,” என்றார். “முன் வரிசையில உக்காருவேன்.”

அரங்கு நிறைந்திருந்தது. மேடையேறும்போது அமைப்பாளர் காதைக் கடித்தார்.

“அழுகை வந்தா அடக்காதீங்க.”

“வராது.”

“வராட்டி தொண்டையையாவது செருமுங்க.”

மைக் முன் நின்றேன். மாமியார் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“சுவரொட்டியில இருக்கறது பொய்,” என்றேன். “என் மனைவி எதிரி குண்டுல சாகல. இருட்டுல நம்ம லாரி மோதிச் செத்துப்போனா. என் விமானத்துக்கு எரிபொருள் கொண்டுவந்த...”

மைக் அடங்கிவிட்டது. மேடையோரம் அமைப்பாளர் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்வரிசைகளில் சலசலப்பு. யாரோ எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள்.

மாமியார் எழுந்து நின்றார்.

“பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல, மாப்பிள்ளை. திருப்பிச் சொல்லுங்க.”

சொன்னேன்.