பதினாறாவது கட்டம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் கடலில் காணாமல்போன பதினொரு பேரும், மார்ச் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஸீதி மஹ்ரூஸ் மீன்துறையின் கண்காணிப்புத் திரையில் பதினாறாவது கட்டத்தில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அன்று வடக்குக் காற்று. கணவாய் வரத்து குறைவு. ஐஸ் வண்டி ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து அரைமணி தாமதமாக வந்தது. திரைக்கு முன்னால் இருந்தவன் ஜீலானி. கேமராக்களைப் பொருத்தியவனும் அவன்தான். பதினொரு பேரில் இடது ஓரமாக, கையிலிருந்த சீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தவன் அவனுடைய தம்பி ஹைதம்.

கேமரா வைத்த காரணம் சாதாரணமானது. அந்தக் குளிர்காலத்தில் துறையில் கட்டியிருந்த படகுகளிலிருந்து ஏழு இயந்திரங்கள் திருடுபோயின. மீனவர் கூட்டுறவுச் சங்கம் கூடி, இரண்டு நாள் சண்டை போட்டு, ஜீலானியைக் கூப்பிட்டது. ஊரில் வயர் வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். முன்பு அண்ணன் தம்பி இருவருமாகச் செய்த வேலை. ஹைதம் ஏணியில் நிற்பான், ஜீலானி கீழே நின்று கத்துவான். கடைசியாகக் கத்திய நாளில் தம்பி ஏணியை விட்டு இறங்கி, "நீயே ஏறிக்க" என்று சொல்லிவிட்டுப் போனான். நான்காம் நாள் வேறு பத்துப் பேரோடு இத்தாலிக்குப் படகேறிவிட்டதாகத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு தகவல் இல்லை. ஆகையால் இந்த வேலையை ஜீலானி தனியாகவே ஏறி இறங்கிச் செய்தான். உப்புக்காற்று கேபிளைத் தின்னாமலிருக்கக் குழாய்க்குள் செருகினான். மூட்டுகளில் மெழுகு தடவினான். எல்லாக் கேபிளையும் காவலறைக்குக் கொண்டுவந்து, அவற்றை ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் சொருகி, ஒவ்வொரு கேமராவுக்கும் ஓர் எண் முகவரியும் ஒரு பாஸ்வேர்டும் கொடுத்தான். ஒன்பது நாள் ஆயிற்று. பதிவுப்பெட்டியில் பதினாறு கேமராவுக்கு இடமுண்டு. சங்கம் வாங்கியது பதினைந்து. பார்க்க வேண்டியதெல்லாம் பதினைந்திலேயே முடிந்துவிட்டது என்பது தலைவரின் கருத்து.

காவல்காரர் ஃபர்ஜானிதான் முதலில் பேசினார். இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஜீலானி, அது நம்ம வஸீலா மவன் இல்ல? சீட்டுல ஏமாத்துறான் பாரு, அவனேதான்" என்றார்.

ஜீலானி தனக்குத் தெரிந்த வழியில் தேட ஆரம்பித்தான். முதலில் வெளி இணைப்பைப் பிடுங்கினான். படம் போகவில்லை. ஸ்விட்ச் பெட்டியை அணைத்தான். பதினைந்து கட்டங்களும் கறுத்தன, பதினாறாவதில் மட்டும் ஒருவன் கொட்டாவி விட்டான். கணினியில் முகவரிகளைத் தேடியபோது, அவன் யாருக்கும் கொடுக்காத பதினாறாம் எண்ணிலிருந்து பதில் வந்தது. பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல அவ்வளவு சீக்கிரம் வந்தது. கடைசியில், கேபிள் எதுவும் சொருகாத பதினாறாவது துளையில் நீளம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தான். அறுபத்து மூன்று மீட்டர் என்று காட்டியது. அவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கிழக்கே அறுபத்து மூன்று மீட்டரில் அலைத்தடுப்புக் கல். மேற்கே வலைக் கிடங்கின் பின்சுவர். தெற்கே அத்திமரம். வடக்கே தண்ணீர். கிடங்குச் சுவரை இடித்தார்கள், அத்திமரத்தடியில் ஆளுயரம் தோண்டினார்கள், கடற்பஞ்சு எடுக்க முங்குகிறவர்களில் இரண்டு பேர் தண்ணீருக்குள் போய்ப் பார்த்தார்கள். ஒரு பழைய நங்கூரமும் இரண்டு திருட்டு இயந்திரங்களும் கிடைத்தன.

செய்தி மத்திமீன் டப்பா ஆலைக்குப் போய்ச் சேர ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. பெண்கள் கையுறையோடும் மேலங்கியோடும் ஓடிவந்தார்கள். ஜீலானியின் தாய் ஸாலிஹா ஓடவில்லை. முப்பது வருடம் மத்தியின் தலையைக் கிள்ளியவள் அவள், அன்றைக்கும் கையைக் கழுவி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்தாள். காவலறையில் எல்லோரும் விலகி வழிவிட, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தாள்.

"இளைச்சுட்டான்" என்றாள்.

"உம்மா, இது என்னன்னு எனக்கு இன்னும் தெரியல. எங்க இருக்காங்கன்னு தெரியல."

"நான் அதைக் கேட்டேனா? இளைச்சுட்டான்னுதானே சொன்னேன்."

படத்தில் ஒலி இல்லை. அது ஒரு குறையாக இருக்கவில்லை. டப்பா ஆலையின் இரைச்சலில் காது உதவாது, அங்கே வேலை செய்த பெண்கள் எல்லோருக்கும் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கத் தெரியும். அதனால் வெள்ளையடித்த அந்த அறையில், நீண்ட பலகையும் நீலக் கதவும் தேநீர் அடுப்பும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், பதினொரு ஆண்கள் நாள் முழுவதும் பேசியதை அவர்கள் ஒன்றுவிடாமல் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் பேசியது சீட்டைப் பற்றியும், கால்பந்தைப் பற்றியும், யார் குறட்டை விடுகிறார்கள் என்பதைப் பற்றியும்தான். எங்கே இருக்கிறோம் என்று ஒருவனும் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை அல்லவா, அதுபோல. வஸீலாவுக்குத்தான் ஆத்திரம் வந்தது. "மூணு வருஷமா நான் கண்ணு வீங்கிக் கிடக்கேன். இந்த நாய் அங்க உக்காந்துகிட்டு, எங்க உம்மா வைக்கிற முலூகியாக் கொழம்பு தார் மாதிரி இருக்கும்னு சொல்றான்!" என்று திரையைக் கையால் அடித்தாள். பிறகு அதே கையால் அதைத் துடைத்தாள். அடுத்த வாரம் யாரோ ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். ஆலையில் மாலைப்பணி கேட்டு வாங்கியவர்களின் எண்ணிக்கை பதினான்கானது. எல்லோரும் பதினாறாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், ஏழாவது கட்டத்தில் பட்டப்பகலில் மேலும் மூன்று இயந்திரங்கள் திருடுபோனதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஜீலானி படத்தைக் குறுவட்டில் ஏற்றிக்கொண்டு, அதிகாரிகளுக்குக் காட்ட ஸ்ஃபாக்ஸுக்குப் போனான். அங்கே அந்த வட்டில் பதினைந்து படங்கள்தான் இருந்தன. அடுத்த முறை பதிவுப்பெட்டியையே துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனான். கடைசி ஒலிவத் தோப்பைத் தாண்டும்வரை பெட்டியிலிருந்து இளஞ்சூடு வந்துகொண்டிருந்தது, பிறகு அடங்கிவிட்டது. தலைநகரிலிருந்து இரண்டு அதிகாரிகள் நேரில் வந்தார்கள். பெஞ்சில் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து நாற்பது நிமிடம் பார்த்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதிக்கொடுத்த அறிக்கையில், அனுமதி பெறாத கேமரா ஒன்று கூடுதலாக இயங்குவதாகவும், துறையின் வாசலில் 'இவ்விடம் கண்காணிக்கப்படுகிறது' என்ற பலகை வைக்க வேண்டுமென்றும் இருந்தது. பலகை வைக்கப்பட்டது. ஜீலானிதான் ஆணியடித்தான்.

அவன் அந்த வருடத்தில் வேறு வேலை எடுக்கவில்லை. கேபிள் போகிற வழியை அறிந்தவனுக்கு, வழியில்லாமல் வருகிற படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊரார் அவனைத் தெருவில் நிறுத்தி, "அண்ணே, அந்தப் பக்கம் ஒரு ரொட்டி அனுப்ப முடியுமா?", "நம்ம குரலு மட்டும் போகுமா?" என்று கேட்டார்கள். முடியாது, போகாது என்று சொல்லிச் சொல்லி, கேட்காதவர்களிடமும் அதையே சொல்லத் தொடங்கினான். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வந்தது. ஸாலிஹா மட்டும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது அவனுக்கு மற்றவர்கள் கேட்பதைவிடப் பாரமாக இருந்தது.

அக்டோபர் மாதம், நான்காம் கேமராவைத் திருப்புவதற்காக அம்புக்குறி விசையை அழுத்தியபோது, பதினாறாவது கட்டம் தேர்வாகியிருப்பதை அவன் கவனிக்கவில்லை. அறை ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்து, பிறகு மறுபக்கம் நகர்ந்து, நடுவில் வந்து நின்றது. பதினொரு பேரும் தலையைத் தூக்கினார்கள். சீட்டுகள் தரையில் விழுந்தன. ஏழு மாதமாக அந்தப் பெஞ்சிலிருந்தவர்களை நோக்கி அவர்கள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வஸீலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹைதம் பலகையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினான். ஏணியில் ஏறிப் பழகிய கால்கள், தடுமாறவில்லை. முகம் கட்டம் முழுவதையும் நிறைத்தது. புருவத்துக்கு மேலே ஜீலானிக்குத் தெரியாத ஒரு தழும்பு இருந்தது. அவன் உதடு நிதானமாக அசைந்தது.

"என்ன கேக்குறான்?" என்றான் ஜீலானி. அவனுக்கு உதடு படிக்கத் தெரியாது.

பெண்கள் ஸாலிஹாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸாலிஹாவே சொன்னாள். "எங்க உம்மா உசிரோட இருக்காங்களான்னு கேக்குறான்."

ஜீலானியின் விரல் விசைக்கு மேலே நின்றது. அந்தக் கேமரா இடமும் வலமுமாகத்தான் போய்வரும் என்பது அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. மேல்கீழ் அம்புகளை அவசரமாக அழுத்திப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. இல்லை என்று தலையாட்ட அதற்குத் தெரியும், ஆமாம் என்று சொல்லத் தெரியாது.

"அசைக்காத" என்றாள் வஸீலா. "வேற மாதிரி கேப்பான். கொஞ்சம் பொறு. செத்துட்டாங்களான்னு கேக்கட்டும், அப்ப அசை."

ஹைதம் அதையே மறுபடி கேட்டான். மூன்றாவது தடவையும் அதையேதான் கேட்டான், இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. பிறகு கண்ணாடியில் ஏதோ தூசு இருப்பதுபோலக் கட்டைவிரலால் தேய்த்தான். தோள் தளர்ந்தது. ஒரு காலைப் பலகையிலிருந்து கீழே வைத்தான். பின்னால் நின்றவன் ஏதோ சொல்ல, பெண்கள் அதை முணுமுணுத்தார்கள், "காத்துல ஆடியிருக்கும்கிறான்."

"இறங்குறான்" என்றாள் ஸாலிஹா. "யாருமே இல்லைன்னு நினைச்சு இறங்குறான். அசைச்சுடு."

"உம்மா, நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சுக்குவான்."

"நினைச்சுக்கட்டும். பாக்குறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னு தெரியணும் அவனுக்கு. அசைடா!"

ஜீலானி அழுத்தினான். அறை இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் போயிற்று, நடுவுக்கு வரும்போது ஒரு நடுக்கத்தோடு நின்றது. அதற்குப் பிறகு அது எந்த விசைக்கும் அசையவில்லை. அங்கேயும் உப்புக்காற்று இருக்கும்போலிருக்கிறது. ஹைதம் பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். மற்ற பத்துப் பேரும் சுற்றி உட்கார்ந்து அவன் முதுகைத் தடவினார்கள். கொஞ்ச நேரம் கழித்து வரிசையாக நின்று, உடல் இல்லாத ஸாலிஹாவுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். வஸீலாவின் மகன் முன்னால் நின்றான். ஸாலிஹா கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லா அழட்டும். என் முன்னாடி ஒருநாளும் அழுததில்ல அவன்" என்றாள்.

துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாது என்பதால், வஸீலா ஒரு பெரிய தட்டு குஸ்குஸ் சமைத்து ஸாலிஹாவின் வீட்டுக்கு எடுத்துவந்தாள். ஸாலிஹா அதை வாங்கி, தன்னுடைய துக்கத்துக்கு வந்த சோற்றைத் தானே சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்றாள். ஜீலானி சாப்பிடவில்லை. அவள் அவன் தட்டிலிருந்த இறைச்சியையும் எடுத்துக்கொண்டு, "நீ என்ன பண்ணுவே, இருக்கிறது அந்த ஒரு ஆட்டம்தானே" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான், தம்பி ஏணியை விட்டு இறங்கிப் போனதிலிருந்து, அவன் நான்கு வருடமாகக் காத்திருந்தான். ஆனால் கேட்டபோது அது அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை.

அதன்பின் ஆண்டுகள் வழக்கம்போலப் போயின. பதிவுப்பெட்டி இரண்டு முறை மாற்றப்பட்டது. ஆறாம் கேமராவை நாரை உடைத்தது. ஃபர்ஜானி ஓய்வு பெற்று, வேறு போக்கிடம் இல்லாமல் அதே நாற்காலிக்கு வந்தார். சங்கத்தின் சொத்துப் பட்டியலில் கேமராக்களின் எண்ணிக்கை பதினாறு என்று திருத்தப்பட்டது. அறையில் இருந்தவர்களுக்கும் வயதாயிற்று. வஸீலாவின் மகனுக்கு முன்தலை வழுக்கை விழுந்தது, ஹைதம் வெள்ளிக்கிழமைகளில் உம்மாவின் பெயரில் குர்ஆன் ஓதினான். அதைக் கேட்க முடியாத ஸாலிஹா, உதட்டைப் பார்த்து, எங்கே நிறுத்துகிறான் என்று கவனித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் மட்டும் எப்போதும் தப்பாக நிறுத்துகிறான் என்று ஜீலானியிடம் குறைப்பட்டாள்.

அவர்கள் கடலில் காணாமல்போன ஒன்பதாம் ஆண்டின் ஜனவரியில், மூன்று நாள் காய்ச்சலில் ஸாலிஹா இறந்தாள். அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலை பெண்கள் எல்லோரும் பெஞ்சுக்கு வந்தார்கள். அவள் அந்த நீலக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவாள் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நாற்பது நாள் எதிர்பார்த்தார்கள். அவள் வரவில்லை. அது கடலில் போனவர்களுக்கான இடமாக இருக்கலாம் என்று ஃபர்ஜானி சொன்னார்.

நாற்பத்தொன்றாம் நாள் ஜீலானி வந்து, தாயின் இடத்தை விட்டு ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்தான். ஹைதம் அடுப்பருகே குந்தியிருந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். எதையோ சொல்லிச் சிரித்தான். அவனுக்குத் தெரிவிக்க வேண்டியது எதுவும் இல்லை, அவன் ஐந்து வருடத்துக்கு முன்பே அழுது முடித்துவிட்டான். இப்போது அழ வேண்டியவன் ஜீலானி ஒருவன்தான். அவன் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொல்றான்?" என்று கேட்டான்.

வஸீலா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் நகர்ந்து, அவனைத் தன் பக்கமாக இழுத்து உட்காரவைத்தாள்.

"புதினா வாடிப்போச்சாம்" என்றாள். "நாளைக்குப் புதுசு பறிக்கணுமாம்."

"சரி" என்றான் ஜீலானி.