பெஞ்சமின் மனையில் பூத்த பார்த்தீனியம்

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அணுபுரம் குடியிருப்புக்கு அருகிலேயே வீடு கட்டினேன். பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் பெஞ்சமினின் காலி மனை. இடுப்பளவு பார்த்தீனியம், ஜவ்வரிசியைத் தூவியதுபோல வெள்ளைப் பூ. அந்த மகரந்தம் என் மனைவி தெய்வநாயகிக்கு ஆகாது. தும்மலில் தொடங்கி இளைப்பில் கொண்டுபோய் விடும். அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. செடியை அவள் கிட்டத்தில் பார்த்ததும் இல்லை.

முதல் வரி: ‘பெஞ்சமின் ஒரு கொலைகாரன், அவனுடைய ஆயுதம்...’ (அடித்துவிட்டேன். ஆனாலும் இருக்கட்டும், என் புத்தி போன போக்கை நீங்களும் பாருங்கள்.)

2
கதையில் பெஞ்சமின் திமிர் பிடித்தவன். நிஜத்தில், நான் கத்திய மறுநாளே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு செடி விடாமல் பிடுங்கிப் போட்டான்.

“அம்மாவுக்கு ஆவலன்னா முன்னாடியே சொல்றதுக்கு இன்னா சார்?”

இவ்வளவு நல்லவனை வைத்துக் கதை எழுத முடியுமா? அந்தப் பகுதியை வெட்டினேன்.

மனை மொட்டையாகி ஒரு வாரம். இளைப்பு குறையவில்லை, கூடியது. ‘வேரை விட்டுவிட்டான் பாவி’ என்று எழுதினேன்.

3
நேற்று பகல் என் எழுத்து அறையில் விழுந்து கிடந்தாள். மூச்சு ஏறவில்லை, உதடு நீலம். நான் போட்ட கூச்சலில் பெஞ்சமின் ஓடி வந்தான். அவளைத் தூக்கியவன் என் மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

“இன்னா சார் இது? நான் புடுங்கிப் போட்டத நீ வூட்டுக்குள்ள வச்சிகினு கீற!”

தம்ளர். தண்ணீர். ஒரு கொத்துப் பார்த்தீனியம். பூவைச் சரியாக வர்ணிக்க வேண்டுமே என்று நான்தான் பொறுக்கி வந்தேன். எப்படி, எப்படி இது என் கண்ணில்...

4
செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரி. மாஸ்க்கை லேசாக விலக்கி அவள் பேசினாள்.

“தம்ளர்ல தண்ணி மாத்தணுமே. தினம் நான்தான் மாத்துறேன். பூ வாடிப்போச்சுன்னா எதைப் பார்த்து எழுதுவீங்க?”

(ஒரு வாரமாகியும் அது ஏன் வாடவில்லை என்று நான் யோசித்ததே இல்லை.)

5
என் கதைகளை முதலில் படிப்பவள் அவள்தான். கை நீட்டிக் காகிதத்தைக் கேட்கிறாள்.

முடிவு அ: வேரை விட்ட பெஞ்சமின். எழுதியாயிற்று, நன்றாகவும் வந்திருக்கிறது.
முடிவு ஆ: ‘நான்தான்...’ (இதற்கு மேல் ஓடவில்லை.)

கதவருகில் பெஞ்சமின் இன்னும் நிற்கிறான். அவள் கை நீட்டியபடியே இருக்கிறது. எதைக் கொடுக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.