மேலே கிடந்த கல், அடியில் கிடந்த கல்

ஜூலை 9. நேற்று எழுதியதில் ஒரு பிழை. மந்த வாயு என்பதை மந்திர வாயு என்று எழுதிவிட்டேன். மந்தம்தான் சரி, எதனோடும் ஒட்டாத வாயு. மற்றதில் மாற்றமில்லை: பெரிய அண்ணி தரைக்கு ஒரு சாண் மேலேதான் நடக்கிறார்.

போன மழைக்காலத்தில் எங்கள் கூரையைத் துளைத்து விழுந்த விண்கல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி கரிக்கட்டைபோல் கறுப்பு, மறு பாதி சுண்ணாம்புபோல் வெளுப்பு. முதலில் எடுக்கச் சொன்னது சின்ன அண்ணியைத்தான். அவர் அழகாயிருக்கிறதென்று வெள்ளையை எடுத்தார். கறுப்பு பெரிய அண்ணியின் அலமாரிக்குப் போயிற்று. அன்றிலிருந்து அந்த அறையில் அடைமழையிலும் துணி காய்ந்தது, அவர் பாதமும் தரையைவிட்டு எழும்பியது. ஒட்டடை அடிக்க வசதி என்றார் பெரிய அண்ணன். சின்ன அண்ணிக்குத்தான் சோறு இறங்கவில்லை. “மகாராணிக்குக் கால் தரையில பாவாதே” என்று பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்தார்.

நான் போகும் மாலை வகுப்பின் ஆசிரியர் இரண்டிலும் கொஞ்சம் சுரண்டிச் சூடாக்கி, வெளிவந்த வாயுவை எடைவாரியாகப் பிரித்துப் பார்த்தார். கறுப்பில் நியான் என்ற மந்த வாயுவின் இலேசான வகையும் கனத்த வகையும் சூரியனில் இருக்கிற அதே விகிதத்தில் இருந்தன. ஏதோ ஒரு குட்டிக் கோளின் மேற்பரப்பில், காற்றே இல்லாத வெளியில் கிடந்து, சூரியன் வீசியதையெல்லாம் வாங்கிக்கொண்ட மண் அது. வெள்ளை அடியில் புதைந்து கிடந்தது. அதில் சூரியன் துளியும் இல்லை. இதை நான் வீட்டில் அப்படியே சொன்னேன்.

“அங்கயும் அவதான் மேல, நான் கீழயா?” என்றார் சின்ன அண்ணி.

மறுநாளே வெள்ளைக் கல்லோடு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்தார். கோடி வருடம் ஆகும், அதுவும் காற்று இருக்கும்வரை சூரியன் வீசுவது கல்லுக்கு எட்டாது என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். வருடங்களைப் பற்றிச் சின்ன அண்ணி கவலைப்படவில்லை. காற்றைத்தான் முறைத்தார். அந்த வாரமே காற்று எங்கள் மாடியைவிட்டு விலகிக்கொண்டது. கொடியில் துணி அசைவதில்லை. காகங்கள் சுற்றிக்கொண்டு பறக்கின்றன. நடுப்பகலிலும் மாடிக்கு மேல் மட்டும் வானம் கறுத்து நட்சத்திரம் தெரிகிறது. சின்ன அண்ணி மூச்சுவிடாமல் நன்றாகத்தான் இருக்கிறார். சின்ன அண்ணன் படியில் வைக்கும் தட்டு காலியாகத் திரும்புகிறது.

இன்று காலை பெரிய அண்ணி கறுப்புக் கல்லோடு ஏறிப்போய்க் கடைசிப் படிக்கு மேல் மிதந்தபடி, “இந்தா, நீயே வச்சுக்கடி. எனக்குத் தரையில நடக்கணும்” என்றார். பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. காற்றில்லாத இடத்துக்குள் பேச்சு போகாது. சின்ன அண்ணி கண்டதெல்லாம், கல்லைக் காட்டிக்கொண்டு அந்தரத்தில் வாயசைக்கும் ஓரகத்தியைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளை வகுப்புக்குப் போகுமுன் ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கி பெரிய அண்ணியிடம் கொடுக்க வேண்டும்.