தம்பிக்கென்று கலந்த கோப்பை

ரொட்டிக்கடை நடத்தும் தம்பி குடியை விட்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அந்த ஒரு வருஷமும் அவன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சண்டையுமில்லை, சச்சரவுமில்லை. அக்கா வீட்டு அலமாரி நிறைய பாட்டில்கள் இருந்தன, அவ்வளவுதான்.

உடனே அக்காவைக் குடிகாரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவள் குடிப்பது ஒரு கோப்பை, அதிலும் பாதி ஐஸ். கலப்பதில்தான் அவளுக்குப் பைத்தியம். வாரமெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மயிரிழை பிசகினாலும் ஊரான் தலையை வலிக்கும் என்று பயந்து பயந்து வேலை பார்ப்பவள். சனிக்கிழமை மாலையானால் சமையலறை மேடையில் எலுமிச்சம்பழத்தை உருட்டத் தொடங்கிவிடுவாள். முதலில் கிளாசிக் காக்டெயில்களில் கை பழகினாள், பிறகு டிக்கி என்னும் தீவுப் பாணி ரம் கலவைகளுக்குத் தாவினாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும். கிளாசிக் என்பது தனிக்குடித்தனம். உள்ளே இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். யார் சரியில்லை என்று முதல் வாயிலேயே தெரிந்துவிடும். டிக்கி கூட்டுக்குடும்பம். இரண்டு மூன்று வகை ரம், அன்னாசிச் சாறு, எலுமிச்சை, பாதாம் பாகு, பட்டைப் பாகு, எல்லார் தலைக்கும் மேலே நொறுக்கிய ஐஸ். ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும் எப்படியோ குடும்பம் ஓடும்.

போன வாரம் தம்பியே போன் செய்தான்.

“சனிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம்க்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். நான் வர்றேன்னு பாட்டிலை எல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளாத, அசிங்கமா இருக்கு. நீ எப்பவும் போல கலக்கு. எனக்கு மட்டும் சரக்கு இல்லாம ஒண்ணு போட்டுக் குடு.”

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சரக்கு இல்லை என்பதற்காக வெறும் பழச்சாற்றையா நீட்டுவது? பழச்சாறு ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்குக் கொண்டுபோவது. தன் தம்பிக்கு அப்படியொன்றைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. வாரம் முழுக்கக் கலந்து கலந்து பார்த்துக் கொட்டினாள். கடைசியில் ரம்முக்குப் பதில் கிராம்பு போட்டுக் காய்ச்சிய கட்டித் தேயிலைச் சாறு சரியாக உட்கார்ந்தது.

டிக்கிக்குக் கடைசியாக ஒரு வேலை உண்டு. கரிய ரம்மைக் கரண்டி முதுகில் மெல்ல வழியவிட்டு ஐஸின் மேலே நிறுத்த வேண்டும். கோப்பையை எடுத்ததும் மூக்குக்கு முதலில் அதுதான் வந்து சேரும். அந்த வீட்டில் இதற்குக் கிரீடம் வைப்பது என்று பெயர். தம்பியின் கோப்பைக்கு வைக்க, தேயிலையைப் பழுப்புச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சி ஒரு சின்ன ஜாடியில் தனியாக எடுத்து வைத்தாள்.

வந்தார்கள். தம்பி இளைத்திருந்தான், முகம் தெளிந்திருந்தது. அவன் மனைவி கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அக்காவின் கணவர், கணக்குத் தணிக்கையாளர், மச்சினனைக் கண்ட சந்தோஷத்தில் சொன்ன ஜோக்கையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் துண்டில் ஐஸைக் கட்டிக் கட்டையால் நொறுக்கினாள். முறைத்த முகம் செதுக்கிய பீங்கான் கோப்பைகள் நான்கு, நீலம் தம்பிக்கு. அதை முதலில் தனியாகக் கலந்து தள்ளி வைத்தாள். பிறகு மற்ற மூன்று. ஐஸ் குவித்து, புதினா செருகி, கிரீடம் வைத்து, தட்டில் ஏந்தி அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

“வாசனையே ஆளைத் தூக்குதேக்கா,” என்றான் தம்பி. கோப்பையும் கையுமாக வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பால்கனியில் நின்று மாமாவோடு அரட்டை அடித்தான். வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது அக்காவுக்கு.

அந்தப் பால் திரிய அதிக நேரம் ஆகவில்லை. சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கச் சமையலறைக்குப் போனவள் மேடையைப் பார்த்தாள். தம்பியின் கிரீடத்துக்கென்று தேயிலையைச் சுண்டக் காய்ச்சி வைத்த சின்ன ஜாடி விளிம்பு வரை நிறைந்து நின்றது. ஒரு சொட்டு குறையவில்லை. பக்கத்தில் கரிய ரம் பாட்டில் மூடி திறந்து கிடந்தது.

நாலு கோப்பையை வரிசையாக வைத்தாள், நாலுக்கும் கிரீடம் வைத்தாள். பழகிய கை, கேட்குமா? கோப்பையைக் கண்டால் ஊற்றத்தான் செய்யும். வாரமெல்லாம் பொத்திப் பொத்திச் செய்த காரியத்தைக் கடைசிக் கரண்டியில் தன் கையாலேயே கெடுத்தாள்.

கணவரைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஜோக்கெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“அவன் கோப்பை?”

“காலி. இப்பதான் பார்த்தேன்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வாயைத் திறக்காத. ஆடிட்டுல முதல் பாடமே இதுதான்: கேட்டா சொல்லணும், கேக்காதப்ப மூச்சு விடக்கூடாது. ஒரு கரண்டிம்மா! அவனுக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. நீ சொன்னாத்தான் ‘ஐயோ, குடிச்சிட்டோமே’ன்னு உடைஞ்சு போவான்.”

மனுஷன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அவளுக்கு வேறொரு பயம். அவனுக்குத் தெரியாவிட்டாலும் நாக்குக்குத் தெரிந்திருக்குமே. நாளைக்கு அது கேட்கும். ஏன் கேட்கிறது என்று புரியாமல் தன்னையே நொந்துகொள்வான். கூடத்திலிருந்து அவன் சிரிப்புச் சத்தம் வந்தது. வழக்கத்தைவிட உரக்கச் சிரிக்கிறானோ?

“டேய், இங்க கொஞ்சம் வா,” என்றாள்.

வந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை. வளைத்திருந்தால் வார்த்தை வந்திருக்காது.

“உன் கோப்பையில ரம் ஊத்திட்டேன்டா. மேல. மறந்துபோய் கை ஊத்திடுச்சு. நீ குடிச்சதுல ரம் இருந்துது. என்னை என்ன வேணா திட்டு.”

தம்பி அவளைப் பார்த்தான். ஜாடியைப் பார்த்தான். பிறகு மனைவி காதில் விழுமோ என்று கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“தெரியும்க்கா. நான் குடிக்கல.”

“என்னது?”

“ரொட்டிக்கடையில கேக்குக்கு ரம் ஊத்தறவனுக்கு அந்த வாசனை தெரியாதா? மூக்கு கிட்ட கொண்டு போனதுமே தெரிஞ்சிடுச்சு. ஒரு வாய் குடிச்சாத்தான் என்னன்னு ஒரு நிமிஷம் தோணுச்சுதான், இல்லேன்னு சொல்லல. அப்புறம் பாத்ரூம்ல போய் தொட்டியில கொட்டிட்டு, தண்ணி பிடிச்சு அதையே குடிச்சிட்டிருந்தேன்.”

அக்கா மேடையைப் பிடித்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்ததும் முதலில் வந்தது கோபம்.

“எரும! அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? இங்க ஒருத்தி செத்துப் பிழைச்சிருக்கேன்!”

“எப்படிச் சொல்றது? தட்டைப் பிடிச்சிட்டு நின்ன பாரு, பிள்ளைக்குச் சோறு ஊட்டின மாதிரி ஒரு முகம். மனசு வரலக்கா.” அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். “மாமா சொல்லாதேன்னு சொல்லியிருப்பாரே?”

“சொன்னாரு.”

“சொல்லுவாரு. எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க. அம்மா இருமல் மருந்தைக்கூட பூட்டி வைக்கிறா. கூட்டாளிங்க விருந்துன்னா எனக்குத் தேதி சொல்றதில்ல. இவ என் சட்டையை மோந்து பார்த்துட்டு ‘ஒரே வேர்வை’ங்கறா. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஒரு வருஷமா எங்கிட்ட ஒருத்தரும் நேரா பேசல. தப்பைப் பண்ணிட்டு நேரா வந்து சொன்னது நீதான்.”

“நீயும்தானே மறைச்ச?” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

அவன் விடுவிடுவென்று கூடத்துக்கு நடந்தான். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

“இங்க பாரு,” என்றான் மனைவியிடம். “அக்கா தெரியாம எனக்கு ரம் ஊத்திக் குடுத்துட்டா. கொட்டிட்டேன். குடிக்கல. உங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்.”

அக்காவின் கணவர் கூரையைப் பார்த்தார். தம்பி மனைவியின் முகம் வெளுத்தது. புருஷனையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

தம்பி மனைவி மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள். சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சரி, தட்டைப் போடுங்க,” என்றாள். “நல்லா பசிக்குது.”