விளக்கு வைத்தால் பயம்

மேற்கே மலை மறைப்பதால் மலையடிவார ஊரான முந்தலில் பொழுது வெரசாக விழுந்துவிடும். பொற்கொடிக்கு அதுதான் பயம். ஐந்து மணிக்கே குழம்பை இறக்கி, குடத்தை நிரப்பி, பத்து மாதக் குழந்தை கார்த்திகாவை மடியில் போட்டுக்கொண்டு வாசல் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். அதற்குமேல் யாராவது ஒரு வேலை சொன்னால் குழந்தையைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பாள்.

இருட்டத் தொடங்கினால் அவளுக்குக் கண் தெரிவதில்லை. இரண்டு மாதமாக இப்படித்தான். பகலில் ஊசியில் நூல் கோப்பவள், அந்தி வந்ததும் வாசற்படியைத் தடவித் தேடுவாள். யாரிடமும் சொல்லவில்லை. குருடியைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று புகுந்த வீட்டில் பேச்சு வந்துவிட்டால்?

வீட்டில் அடுப்படி நாத்தனார் சுப்புத்தாயின் கையில் இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் தன் குழந்தையை வயிற்றுப்போக்கில் பறிகொடுத்தவள் அவள். அந்தப் பயம் அவளை விடவே இல்லை. "பால் குடுக்குறவ கீரை தின்னா புள்ளைக்குப் பேதியாகும். முட்டை, பழமெல்லாம் மாந்தம்" என்பாள். பத்து மாதமாகப் பொற்கொடிக்கு ரசஞ்சோறும் சுட்ட அப்பளமும்தான். அங்கன்வாடியில் தந்த சத்துமாவு ஆட்டுக்குப் போனது. தடுப்பூசி போட்டுக் காய்ச்சல் வந்ததிலிருந்து குழந்தைக்கு வைட்டமின் சொட்டு மருந்துகூடக் கொடுக்க விடவில்லை. குழந்தைக்கும் பாலைத் தவிர பிஸ்கட்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை, அந்தி நேரம். மலைமேல் போடிமெட்டிலிருந்து எஸ்டேட் ஆட்களை ஏற்றிவந்து இறக்கிவிட்டு, கணவன் விஜயகுமார் ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். மறுபடியும் ஒரு லோடு ஏற்றப் போக வேண்டும். கரண்டு வேறு போயிருந்தது.

"ஏ பொற்கொடி, புள்ளயப் பிடிச்சுக்க. வண்டியத் திருப்பணும்."

சற்றுமுன்தான் குழந்தை மடியிலிருந்து நழுவியிருந்தது. பொற்கொடி பாயைத் துழாவினாள். கையில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. குழந்தைதானா? எழுந்து தேடினால் விஷயம் வெளியே வந்துவிடும்.

"இங்கனதான் இருக்கா. நீங்க வண்டிய எடுங்க" என்றாள்.

என்ஜின் உறுமியது. மெத்தென்று இருந்ததை அவள் இழுத்து அணைத்தாள். தலையணை.

"எடுக்காதீங்க! எடுக்காதீங்க!"

அந்த அலறலில் விஜயகுமாரின் கால் பிரேக்கில் இறுகியது. ஓடிவந்து பார்த்தான். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, மண்ணை அள்ளி வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள் கார்த்திகா. குழந்தையை வாரி எடுத்தவன் மனைவியிடம் பாய்ந்தான். கை ஓங்கிவிட்டது.

"கண்ணு தெரியலையாடி உனக்கு?"

"தெரியல."

"என்னாது?"

"மெய்யாவே தெரியலைங்க. பொழுது போனா எனக்கு ஒண்ணுமே தெரியாது. ரெண்டு மாசமாச்சு."

அவள் அவனிடம்தான் பேசினாள். முகம் மட்டும் ஆளில்லாத பக்கம் திரும்பியிருந்தது. ஓங்கிய கை தானாக இறங்கியது.

"இருட்டுல எதையோ பாத்துப் பயந்திருக்கா தம்பி, மந்திரிச்சா சரியாப் போயிரும்" என்றாள் சுப்புத்தாய். அவன் கேட்கவில்லை. விடிந்ததும் மூவரையும் ஜீப்பில் ஏற்றிப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.

டாக்டர் கலையரசி முதலில் கேட்டது என்ன சாப்பிடுகிறாள் என்பதைத்தான். பிறகு அவள் கண்ணையும் குழந்தையின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். குழந்தையிடம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"இது மாலைக்கண். உடம்புல வைட்டமின் ஏ இல்ல, ரத்தமும் ரொம்பக் கம்மி. தாய் உடம்புல இல்லாதது பால்ல எப்படிம்மா வரும்? புள்ளைக்கும் கண்ணு வறண்டு போயிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கருவிழி புண்ணாயிருக்கும். அப்புறம் போன பார்வை திரும்பாது."

சுப்புத்தாய் முன்னால் வந்தாள். "எம்புள்ளை மாதிரி இதுவும் போயிரக் கூடாதுன்னுதான் டாக்டரம்மா பாத்துப் பாத்துச் செஞ்சேன்..."

"உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா பால் குடுக்குறவளுக்குத்தான் மத்தவங்களவிட அதிகமா சாப்பாடு வேணும். கீரை, முட்டை, மீன், பப்பாளி எல்லாம் குடுங்க. புள்ளைக்கும் மசிச்சு ஊட்டுங்க."

இருவருக்கும் மருந்து கொடுத்தார்கள். அன்று மாலை சுப்புத்தாயே முருங்கைக்கீரையை ஆய்ந்து, பருப்போடு கடைந்து, பொற்கொடியின் தட்டில் போட்டாள். ராத்திரி முழுக்கக் குழந்தையின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு வாரம் கழிந்த ஓர் அந்தியில், மங்கலான வாசலில் கார்த்திகா சிரித்தபோது, அவளுக்குக் கீழ் ஈறில் முளைத்திருந்த இரண்டு பற்களும் பொற்கொடிக்குத் தெரிந்தன. அவள் சத்தம் போட்டு அழுதாள்.

மறுநாள் காலை ஜீப் மலையேறும்போது, முன்சீட்டில் இருந்த எஸ்டேட் தொழிலாளி முத்துப்பாண்டி பெருமையாகச் சொன்னான்: "எம்பொஞ்சாதிக்குப் புள்ள பொறந்து இருபது நாளாச்சு மாப்ளே. ரசஞ்சோத்தத் தவிர ஒண்ணும் தொடறதில்ல. அம்புட்டுக் கட்டுப்பாடு."

விஜயகுமார் வளைவு தாண்டியதும் ஜீப்பை ஓரங்கட்டினான்.

"மாப்ளே, அது கட்டுப்பாடு இல்ல, பட்டினி. அவளப் பட்டினி போட்டா பால் குடிக்கிற புள்ளயவும் சேத்துத்தான் பட்டினி போடுற. எம்பொஞ்சாதிக்கு அந்தியில கண்ணு தெரியாம எம்புள்ள டயருக்குக் கிட்ட கிடந்த பெறகுதான் எனக்கு இது உறைச்சுச்சு. உனக்கு அப்படி ஆக வேணாம். இன்னைக்கே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லு, நம்ம வீட்டுல மொதச் சாப்பாடு பெத்தவளுக்குத்தான்னு."