எதிர்ப்பக்கம் இல்லாத போர்டு

பாரின்டின்ஸில் எங்கள் தெரு நீலக் காளையின் தெரு. கீழே ஆற்றோரம் இருப்பவர்கள் சிவப்புக் காளைக்காரர்கள். ஜூன் கடைசித் திருவிழாவில் மூன்று நாள் இரண்டு பக்கத்துத் துணிக்காளைகளும் அரங்கில் போட்டி போட்டு ஆடும். வருஷம் முழுக்க நாங்கள் ஆடுவோம். என் மனைவி ஓஸ்மரீனா 'சிவப்பு' என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டாள். 'எதிர்ப்பக்கம்' என்பாள். தக்காளிகூட அவளுக்கு எதிர்ப்பக்கக் காய்தான். முன்பெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் மீன் சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு கடை தள்ளி மனௌஸ் நகரத்துக்காரன் ஒருவன் புதுக்கடை போட்டு, வாசலில் மின்சாரப் போர்டில் நீல எழுத்து ஓடவிட்டான். கூட்டமெல்லாம் அங்கே, ஈயெல்லாம் எங்களிடம். இந்தத் திருவிழாவில் ஆள் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். நாங்களும் ஒரு போர்டு மாட்ட என் படகு மோட்டாரை விற்றோம். ஓஸ்மரீனா சாவோ பாலோவில் இருக்கும் போர்டுக்காரனுக்குப் போன் போட்டாள்.

"நீலமா எரியுற எல்.இ.டி போர்டு வேணும் தம்பி."

"நீலம் நீங்க சொல்ற காசுக்கு வராதும்மா. சாதாரண ஒத்தக் கலர்னா தரலாம்."

"எந்தக் கலரா இருந்தாலும் சரி. எதிர்ப்பக்கம் மட்டும் கூடாது."

"இருக்காதும்மா. ஒரு பக்கம்தான் எரியும்."

"என்ன கலருன்னு பேரைக் கேளுடி" என்றேன்.

"ஏன், அந்தப் பேரைக் கேக்க உனக்கு ஆசையா?" என்று போனை வைத்துவிட்டாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள்தான் போர்டு படகில் வந்து சேர்ந்தது. மாட்டி சுவிட்சைப் போட்டேன். 'சுட்ட தம்பாக்கி மீன்' என்று ரத்தச் சிவப்பாக ஓடியது.

பக்கத்து வீட்டு ஜுசெலினோ நின்று பார்த்தான். "என்ன வால்டெசி, கட்சி மாறிட்டியா? சொல்லிட்டு மாறியிருக்கலாம்ல."

ஓஸ்மரீனா போர்டுக்காரனுக்குப் போன் போட்டாள். "சாதாரணக் கலர்னா சிவப்புதாம்மா, எல்லா ஊர்லயும்" என்றான். "எதிர்ப்பக்கம் வேண்டாம்னீங்க. பின்னாடி எரியுதா என்ன?"

திருப்பி அனுப்பி வேறு வருவதற்குள் திருவிழாவே முடிந்துவிடும். அவள்மேல் எனக்கு அப்படியொரு கோபம். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

தோரணத்துக்கு வாங்கிய நீலக் கண்ணாடித்தாள் மிச்சம் இருந்தது. ஸ்டூல்மேல் ஏறி, மடித்து மடித்து போர்டு முழுக்கச் சுற்றி ஒட்டினாள்.

"இப்ப சுவிட்சைப் போடுய்யா."

"போட்டாச்சு."

நீலத்தாளைத் தாண்டிச் சிவப்பு வெளிச்சம் வரவில்லை. பலகை கரியாக இருந்தது. அவள் கை வைத்துப் பார்த்தாள், சூடு இருந்தது.

மூன்று நாளும் நீலச் சட்டைகள் எங்கள் வாசலைத் தாண்டி மனௌஸ்காரன் கடைக்குப் போயின. நாலாம் நாள் கடை வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தோம்.

"போர்டை அணைச்சுட்டு வரட்டுமா?" என்றேன்.

"எரியுதுன்னு யாருக்குத் தெரியும்" என்றாள்.